உறைபனி நாட்களில் கார்: சூடு தராத ஹீட்டரும் கொதிக்கும் ரேடியேட்டரும்

நவம்பர் பாதி தாண்டினால் ஊட்டியில் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலைப் புல்லின் மேல் வெள்ளை படிய ஆரம்பிக்கும். பிப்ரவரி வரை விட்டு விட்டு வரும் இந்த உறைபனிக் காலத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு புகார்களைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ‘ஹீட்டர் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறது’ என்பது ஒன்று. ‘இவ்வளவு குளிரில் வண்டி எப்படிக் கொதிக்கிறது’ என்பது இன்னொன்று.

இரண்டையும் தனித்தனிப் பழுதாக நினைத்துத் தனித்தனியாகச் செலவு செய்கிறார்கள். ஆனால் காரில் இரண்டுக்கும் ஓடுவது ஒரே திரவம். இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகிறது. இன்னொரு பங்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது. அதன் வழியாகக் காற்றை ஊதித்தான் உள்ளே சூடு வருகிறது. பெட்ரோல் கார், டீசல் கார் இரண்டிலும் இதே ஏற்பாடுதான். அதனால் ஹீட்டரில் வரும் காற்றே கூலன்ட்டின் நிலைமையைச் சொல்லிவிடும். வெப்ப முள் ஏமாற்றுகிற நேரத்தில்கூட ஹீட்டர் பெரும்பாலும் ஏமாற்றாது.

சமவெளியில் சர்வசாதாரணமாக நடக்கும் மூன்று காரியங்கள் மலையில் செல்லாது. கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது, ‘இனிமேல் சூடே ஆகாது’ என்று சொல்லித் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது, ஹீட்டர் கோர் ஒழுகினால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து பைபாஸ் செய்துவிடுவது. கோயம்புத்தூரில் வருஷக்கணக்கில் ஓடிய பழைய காரை வாங்கி மேலே கொண்டுவந்தவர்கள், இனிச் சொல்லப்போகும் எந்த அறிகுறியையும் தேடுவதற்கு முன் இந்த மூன்றும் நடந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தொடுவதற்கு முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு நிற்கும் திரவம் மூடி தளர்ந்த நொடியில் கொதித்து மேலே சீறும். முகமும் கையும் வெந்துவிடும். அரை மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவு ஆறியிருக்க வேண்டும். கனமான துணியை மூடிமேல் போட்டு, முதல் திருகில் நிறுத்தி, சீற்றம் அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். எலக்ட்ரிக் ஃபேன் சாவி அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும். ஆகவே கை, புடவைத் தலைப்பு, ஸ்கார்ஃப் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது.

சோதனைக்குச் சிறந்த நேரம் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா, வண்டிக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் ரப்பர் ஹோஸும் கிளாம்பும் ஒன்றுபோலச் சுருங்காது. அதனால் சில கசிவுகள் விடியற்காலையில் மட்டும் சொட்டும். இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். மதியம் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ‘லீக் எதுவும் இல்லையே’ என்பார்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் எந்த இடத்தில் சொட்டியது என்று தெரிந்துவிடும்.

ஹீட்டரில் சூடே வரவில்லை, வெப்ப முள்ளும் ஏறவில்லை

முள் இல்லாத சின்ன கார்களில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முதலில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் நின்ற வண்டி, கிளம்பிச் சில கிலோமீட்டர் ஓடின பிறகுதான் நல்ல சூடு தரும். டீசல் வண்டி இன்னும் தாமதிக்கும். ஐடிலில் டீசல் இன்ஜின் மிகக் குறைந்த எரிபொருளையே எரிப்பதால் வாசலில் நிறுத்திக் கால் மணி நேரம் உறுமவிட்டாலும் சூடு ஏறாது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் மெதுவாக ஓட்டிப் போனால் சீக்கிரம் சூடாகும்.

நன்றாக ஓடிய பிறகும் இதே கதை என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பது அதன் வேலை. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்க ஆரம்பிக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, யாராவது கழற்றி எறிந்திருந்தாலோ, கூலன்ட் ஆரம்பம் முதலே ரேடியேட்டருக்கு ஓடி ஊட்டிக் குளிரில் ஆறிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு ஒரே மூச்சில் சூடானால் தெர்மோஸ்டாட் நலம். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தே கிடக்கிறது. (சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தச் சோதனை இவ்வளவு தெளிவாகத் தெரியாது.) கழற்றிய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு வால்வு திறக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஊட்டியில் அந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அதற்கு மேல் சூடாகாது. 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் தெர்மோஸ்டாட் அங்கே பாதிதான் திறக்கும். முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல பொருளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் மலையில் ஓட்டினால் கை விறைப்பது மட்டும் நஷ்டமில்லை. இன்ஜின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும். கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த இன்ஜின் என்று எண்ணிக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் நிறத்தில் நுரை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் விலை அதிகமில்லை. உங்கள் வண்டிக்கான அதே டிகிரி எண் பொறித்ததை வாங்கிப் போடுங்கள்.

முள் நடுவில் நிற்கிறது, காற்று மட்டும் குளிர்ச்சி

இன்ஜின் சூடாகிவிட்டது, அந்தச் சூடு உள்ளே வரவில்லை. இதற்குக் கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு சோதனை போதும். பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரில் விரல் தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு ஹோஸ்கள் நுழையும். அவைதான் ஹீட்டருக்குப் போவதும் வருவதும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, இரண்டையும் ஜாக்கிரதையாகத் தொடுங்கள்.

இரண்டும் சுடுகிறதா? கூலன்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றிவிடும் மடிப்புக் கதவு நகரவில்லை. பழைய கார்களில் குமிழுக்குப் பின்னால் உள்ள கேபிள் கழன்றிருக்கும். புதியவற்றில் அந்தக் கதவை இயக்கும் சின்ன மோட்டார் போயிருக்கும். குமிழைத் திருப்பும்போது உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்டால் மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. காற்றே பலவீனமாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். யூகலிப்டஸ், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நிறுத்தும் வண்டிகளில் அது சருகு அடைத்துக் கிடக்கும்.

ஒன்று சுட்டு, மற்றது ஆறிப்போயிருந்தால் கூலன்ட் கோருக்குள் நுழைந்து வெளியே வரமுடியாமல் நிற்கிறது. சில வண்டிகளில் வழியில் ஒரு ஹீட்டர் வால்வு உண்டு. அது மூடியபடியே துருப்பிடித்திருக்கலாம். கோடைகாலம் முழுக்கத் தொடாமல் விட்ட வால்வு டிசம்பரில் திறக்க மறுப்பதில் ஆச்சரியமில்லை. வால்வு சரி என்றால் கோர் அடைபட்டிருக்கிறது. கீழே போர் தண்ணீர் குடித்து வளர்ந்த கார்களில் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து அந்த மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். இரண்டு ஹோஸையும் கழற்றித் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை எதிர்த்திசையில், குறைந்த வேகத்தில் விட்டால் சிவப்புச் சேறு வெளியே வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். வேகமாக அடித்தால் பழைய கோர் உள்ளேயே உடைந்துவிடும். அப்புறம் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும், அதன் கூலி கோரின் விலையைவிட அதிகம்.

இரண்டு ஹோஸும் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் பக்கம் எதுவுமே ஓடவில்லை. கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது யாரோ பைபாஸ் செய்திருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் கடைசிப் பகுதியில் வழி சொல்கிறேன்.

ஓடும்போது சூடு, நின்றால் குளிர்

கோத்தகிரி சந்தை நெரிசலில் நிற்கும்போது ஹீட்டர் ஆறிவிடுகிறது, நகர்ந்ததும் சுடுகிறது என்றால், ஐடிலில் கூலன்ட்டைத் தள்ள பம்ப்பால் முடியவில்லை. பெரும்பாலும் கூலன்ட் குறைவு. அடுத்து காற்று அடைப்பு. கடைசியாகத்தான் தேய்ந்த வாட்டர் பம்ப். பம்ப்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அங்கே காய்ந்த கூலன்ட் கறை படிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கல்லட்டி இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கும்போது ஹீட்டர் சூடு குறைவது வேறு விஷயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்துவிட்டதால் இன்ஜினுக்குள் எரிவது மிகக் குறைவு. டீசலில் இது நன்றாகவே தெரியும். கொஞ்சம் குறைந்தால் இயல்பு. மசினகுடி சேர்வதற்குள் முள் அடிமட்டத்துக்கே வந்துவிட்டால் தெர்மோஸ்டாட் முழுசாக மூடவில்லை.

ஏற்றத்தில் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்துவிட்டால்

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள். பர்லியாறு தாண்டிக் காட்டேரி நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், ஹீட்டர் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று குளிர்ந்த காற்று வருகிறது. கூலன்ட் எங்கோ வெளியேறிவிட்டது. ஹீட்டர் கோர் பெரும்பாலும் மற்ற பகுதிகளைவிட உயரத்தில் இருப்பதால் திரவம் குறைந்ததும் அங்கேதான் முதலில் வறண்டுபோகும். வெப்ப முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். சுற்றிலும் வெறும் ஆவி நின்றால் முள் நடுவிலேயே நிற்கவும் கூடும், கீழே இறங்கவும் கூடும். முள்ளை நம்பி அடுத்த வளைவுவரை போனால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிடும்.

உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். கை பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். பானெட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள்.

குளிர் காலத்திலேயே கொதிக்கிறது

மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரம். அங்கிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் ஏறுகிறோம், அதுவும் இரண்டாம், மூன்றாம் கியரில். இன்ஜின் உழைப்பு அதிகம். வண்டி மெதுவாகப் போவதால் முன்னால் வந்து மோதும் காற்று குறைவு. வெளியே குளிராக இருப்பது உதவிதான், ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க ஃபேன் வேண்டும்.

மலைக்கே உரிய காரணம் ரேடியேட்டர் மூடி. குக்கர் விசில் போல அது அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. 0.9 பார் (அழுத்த அளவு) மூடி நன்றாக இருந்தால் ஊட்டி உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அதே தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கும். பல கார்களில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே 95 டிகிரியை ஒட்டித்தான். அதாவது ஃபேனுக்கு உத்தரவு போவதற்கு முன்பே தண்ணீர் கொதித்து வெளியே கொட்டிவிடும். கோயம்புத்தூரில் இதே மூடியோடு வண்டி வருஷம் முழுக்கப் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கும். ‘கீழே நன்றாக இருந்த வண்டி குன்னூர் வந்ததும் கொதிக்கிறது’ என்றால் ரேடியேட்டரை மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்பதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். எண் மட்டும் மாறக்கூடாது: 0.9 இருந்த இடத்தில் 0.9, 1.1 இருந்த இடத்தில் 1.1.

மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு வேறொரு வேலை செய்கிறது. இரவில் இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கும். ரிசர்வ் டேங்கிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள அந்த வால்வு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் காலையில் மேல் ஹோஸ் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடக்கும். பகலுக்கும் இரவுக்கும் நடுவே இங்கே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் இந்தக் காட்சி மலையில் சகஜம். மருந்து அதே மூடிதான். ரிசர்வ் டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறதா என்றும் ஊதிப் பார்த்துவிடுங்கள்.

மூடி சரி என்றால் வரிசையாக: ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா, அதன் ஃபியூஸும் ரிலேயும் சரியா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் முன்பக்கம் பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா. காலைக் குளிருக்காக ரேடியேட்டர் முன்னால் அட்டையோ சாக்கோ செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்ஜின் சீக்கிரம் சூடாகும், உண்மைதான். எடுக்க மறந்து மலை ஏறினால் ஃபேனுக்கு இழுக்கக் காற்றே இருக்காது. தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும் வண்டிக்கு அந்த அட்டை தேவையே இல்லை.

வழியில் முள் ஏற ஆரம்பித்து, ஆவியோ கசிவோ இல்லாமல் இருந்தால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஐடிலில் விட்டால் முள் இறங்கும். இறங்காவிட்டால், ஆவி தெரிந்தால், அணைத்துவிடுங்கள். கொதித்த இன்ஜின்மேல் ஓடைத் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டிலேயே விரிசல் விழ வைக்கும்.

உறைந்த ராத்திரிக்குப் பிறகு விநோதமாக நடந்துகொள்கிறது

வெறும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும். உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். நீலகிரியில் சில மணி நேரம் மட்டும் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே போகிற குளிரில் இன்ஜின் பிளாக் வெடித்துவிடும் என்று யாரையும் பயமுறுத்த மாட்டேன். இரும்பும் அத்தனை லிட்டர் தண்ணீரும் அவ்வளவு சீக்கிரம் உறையாது. முதலில் அகப்படுவது மெல்லிய இடங்கள்: ரேடியேட்டரின் கீழ்க் குழாய்கள், கண்ணாடி கழுவும் தண்ணீர் போகும் டியூப். தெளிந்த வானத்துக்குக் கீழே, காற்று அசையாத பள்ளத்தில் ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு இது நடக்கலாம்.

ரேடியேட்டரில் கூழ்போல ஐஸ் நின்றால் அடையாளம் இது: ஸ்டார்ட் செய்து சில நிமிஷங்களிலேயே முள் வேகமாக ஏறும், ஆனால் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியும் கீழ் ஹோஸும் ஐஸ் மாதிரி இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கிறீச்சிட்டால் வாட்டர் பம்ப்பே இறுகியிருக்கலாம். அணைத்துவிடுங்கள். வெயில் படும் இடத்துக்குத் தள்ளி, பானெட்டைத் திறந்து, பத்து மணிவரை காத்திருங்கள். அடியில் கரி அடுப்பு வைத்துச் சூடு காட்டுவது வேண்டவே வேண்டாம். ஆயிலும் எரிபொருள் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. உருகிய பிறகு ஒழுகுகிறதா என்று பார்த்து, அன்றைக்கே தண்ணீரை வடித்துக் கூலன்ட் போடுங்கள்.

எவ்வளவு போடுவது? கூலன்ட்டில் உறையாமல் தடுக்கும் பொருளான எத்திலீன் கிளைக்கால் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி என்றால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும். மூன்றில் ஒரு பங்கு கிளைக்காலே மைனஸ் 17 வரை தாங்கும் என்பதால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குளிர் கணக்கில் அதுவே தாராளம். இருந்தாலும் பாதிக்குப் பாதியைத்தான் நான் சொல்வேன். கொதிநிலை உயர்வதும், துருவைத் தடுக்கும் மருந்து போதுமான அளவு இருப்பதும் அதன் லாபம். நல்லது என்று முழுக்கக் கிளைக்கால் ஊற்றினால் வேலை கெடும்: கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், சூட்டையும் தண்ணீரைவிடக் குறைவாகவே சுமக்கும். கடையில் இரண்டு வகை டப்பா உண்டு. ஒன்று தண்ணீர் கலக்க வேண்டியது, மற்றது கலந்தே வருவது. கலந்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள். நிறத்தைப் பார்த்து வாங்கவும் வேண்டாம். எந்த ரகம் என்று காரின் கையேட்டில் இருக்கும். ஒவ்வாத ரகங்கள் கலந்தால் உள்ளே கூழாகித் திரளலாம்.

கண்ணாடியில் மூட்டம்

வெளிப்பக்கம் ஐஸ் படிந்திருந்தால் கொதிநீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுக்கலாம். ராத்திரியே ஒரு தடித்த துணியைப் போர்த்திவிட்டால் அந்த வேலையும் இல்லை. வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் ரப்பர் கிழியும், மோட்டாரும் போகும்.

உள்பக்க மூட்டத்துக்கு வழி: வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, ஹீட்டரையும் ஏ.சி.யையும் சேர்த்துப் போடுங்கள். ஏ.சி. ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் பல கார்களில் ஏ.சி. கம்ப்ரஸர் தானாகவே வேலை செய்ய மறுக்கும்; உறைந்துபோகாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். ரிப்பேர் என்று கேஸ் ஏற்றக் கிளம்பிவிட வேண்டாம்.

துடைத்தாலும் பிசுபிசுப்பாகத் திரும்பி வரும் மூட்டம், இனிப்பான வாசனை, முன் இருக்கைக்காரர் காலடி விரிப்பில் ஈரம், இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. கூலன்ட் ஆவியை உள்ளே இருந்து சுவாசிக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள். வீடு சேரும்வரை பைபாஸ் செய்வது சரி. ஆனால் அதற்குப் பிறகு மூட்டத்தைக் கலைக்கச் சூடான காற்றே இருக்காது என்பதால், பனிமூட்டச் சாலையில் அது பார்வையையே பறிக்கும். கோரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெள்ளைப் புகை

காலையில் சைலன்சரில் வெள்ளையாக வந்து சில நிமிஷத்தில் கலைந்தால் வெறும் ஈர ஆவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் கெட்டியாக, இனிப்பு வாசனையோடு வந்தால், கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனால், ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் காலையில் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்த ஒரே நிமிஷத்தில் கல்லாக இறுகினால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது.

மூடியைத் திறந்து வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. அதைக் குளிர்ந்த இன்ஜினில், முதல் சில நிமிஷங்களில் மட்டும் செய்யுங்கள். ஊட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியைச் சூடாகும்வரை விட்டுப் பார்த்தால் 93 டிகிரியில் தானாகவே குமிழிடும். அதைப் பார்த்து ஹெட்டை இறக்கினால் வீண் செலவு.

நிறுத்திய வண்டியில் சூடு காய்வது

உறைபனியைப் படம் எடுக்கத் தலைகுந்தாவில் அதிகாலையில் வந்து, ஜன்னலை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் சூட்டில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். கதவடைத்த ஷெட்டுக்குள் வண்டியைச் சூடாக்குவதும் அதே ஆபத்துதான்.

காற்றை எடுப்பது

கூலன்ட் மாற்றினாலும், குறைந்ததை நிரப்பினாலும் உள்ளே காற்று நின்றுவிட்டால் மேலே சொன்ன பாதி அறிகுறிகள் திரும்பி வரும். மலையில் வசதி என்னவென்றால் சரிவுக்குப் பஞ்சமில்லை. வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருந்தால் காற்று அங்கே வந்து சேரும். கை பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, மூடியைத் திறந்து, நிதானமாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் காற்று வெளியேற வழி இருக்காது. காற்றெடுக்கும் திருகு இருக்கும் வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, மேல் ஹோஸையும் ஹீட்டர் ஹோஸையும் அவ்வப்போது அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஹோஸ் சுட ஆரம்பித்ததும் மூடியைப் போட்டுவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடு வந்தால் காற்று போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், சின்னக் குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடி போட்ட கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், அன்றைக்கே மண்ணோ மரத்தூளோ போட்டு ஒற்றி அள்ளிவிடுங்கள்.